ட்ரூக், கோட்டை, அரண்: சேர்வராயன் மலையிலிருந்து ஒரு சொற்பொருள் விவாதம்

முன்னுரை

ஏற்காட்டில் 'லேடிஸ் சீட்' என வழங்கும் பாறை முனையில் நின்று கீழே நோக்குவோர்க்குச் சேலம் நகரம் முழுமையாகத் தெரியும். அந்நகரின் ஒரு பகுதிக்குக் கோட்டை என்று பெயர். கோட்டை மாரியம்மன் கோயிலும் கோட்டை அழகிரிநாதர் கோயிலும் அப்பெயரை இன்றும் தாங்கியுள்ளன. அங்கிருந்த கோட்டையின் உருவமோ பெரும்பாலும் மறைந்துவிட்டது. தென்மேற்கே சங்ககிரியிலும் தெற்கே நாமக்கல்லிலும் வடக்கே கிருஷ்ணகிரியிலும் இராயக்கோட்டையிலும் மலைமேல் எழுந்த மதில்கள் இன்னும் நிற்கின்றன. இவற்றிற்கு இடையில் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் விரிந்துள்ள சேர்வராயன் மலையில் பெயர்பெற்ற கோட்டை எதுவும் இல்லை. ஆகவே சேலம் வட்டாரக் கோட்டைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இம்மலையைப் பேசாமல் கடந்துவிடுகின்றனர்.

இக்கடந்துசெல்லலுக்கு வரலாற்றுச் சான்றின்மை மட்டும் காரணமன்று. நாம் கையாளும் சொல்லும் ஒரு காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. ஆங்கிலத்தில் ஃபோர்ட், ஃபோர்ட்ரெஸ், காசில், சிட்டாடல், ஃபாஸ்ட்னஸ், ட்ரூக் என வேறுவேறு பொருள்நுட்பம் கொண்டு வழங்கும் சொற்கள் அனைத்தையும் தமிழில் 'கோட்டை' என்ற ஒரே சொல்லால் பெயர்ப்பது நம் ஆய்வெழுத்தில் வழக்கமாகிவிட்டது. அதனால் கட்டப்பட்ட மதில் உள்ள இடமே காவல் உள்ள இடம் என்னும் எண்ணம் வேரூன்றுகிறது. 'அரண்' என்னும் பழஞ்சொல் நமக்குக் கற்பித்திருந்த விரிந்த பொருள் கைநழுவுகிறது. இவ்விழப்பைச் சேர்வராயன் மலையை முன்னிறுத்தி விளக்குவதும், ஆய்வெழுத்தில் இச்சொற்களை வேறுபடுத்தி ஆளவேண்டும் என வேண்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

ஃபோர்ட்ரெஸ்: திண்மை குறித்த சொல்

ஃபோர்ட்ரெஸ் என்னும் ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு மொழியின் ஃபோர்ட்ரெஸ் என்பதிலிருந்து 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. அதன் வேர் 'வலிய' எனப் பொருள்படும் ஃபோர்டிஸ் என்னும் இலத்தீன் அடை. இறுதியில் உள்ள 'எஸ்' பெண்பால் விகுதியன்று. வலிமை என்னும் பண்பைப் பெயராக்கும் ஈற்றின் எச்சம். எனவே சொல்லளவில் ஃபோர்ட்ரெஸ் என்பது 'வலியது' அல்லது 'வலிமை' என்றே பொருள்படும். ஃபோர்ட் என்னும் சொல்லும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே. வழக்கில் ஃபோர்ட் என்பது ஒரு காவற்கட்டடத்தையும், ஃபோர்ட்ரெஸ் என்பது ஓர் ஊரையே உள்ளடக்கக்கூடிய பெரிய காவற்கட்டுமானத்தையும் குறித்து நிற்கும்.

இவ்வேர்ச்சொல் ஏற்காட்டிலேயே நாள்தோறும் ஒலிக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. 1917ஆம் ஆண்டு புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் இங்கு நிறுவிய மான்ட்ஃபோர்ட் பள்ளி, லூயி மரி கிரிஞ்ஞோன் தெ மோன்ஃபோர் (1673–1716) என்னும் பிரெஞ்சுக் குருவின் பெயரைத் தாங்கியது. அவர் பிறந்த ஊரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டியது. 'மோன்' என்பது மலை. 'ஃபோர்' என்பது வலிய. வலிய மலை என்னும் பொருளுடைய பெயர் ஒன்று பிரான்சிலிருந்து வந்து ஒரு தமிழ் மலைமேல் அமர்ந்திருக்கிறது. இப்பெயரில் வலிமை மலைக்கு உரியதாகச் சொல்லப்படுகிறதே தவிர, மதிலுக்கு உரியதாக அன்று. ஃபோர்ட்ரெஸ் என்னும் சொல் கட்டடத்தோடு இறுகிப்போன பின்னர் அதன் வேரில் இருந்த இப்பொதுமை மறைந்தது.

காசில் என்னும் சொல் வேறொரு வரலாறு உடையது. படைவீடு எனப் பொருள்படும் காஸ்ட்ரம் என்னும் இலத்தீன் சொல்லின் சிறுமைப் பெயராகிய காஸ்டெல்லம் என்பது அதன் மூலம். ஒரு தலைவன் குடியிருக்கும் காவலுடைய வீடே காசில். தமிழில் இதற்கு உறுப்பால் முற்றும் பொருந்தும் சொல் 'அரண்மனை': அரணாகிய மனை, அல்லது அரணுடைய மனை. ஆனால் வழக்கில் அரண்மனை காவற்பொருளை இழந்து, அரசன் வாழும் பெருமாளிகையைக் குறிக்கலாயிற்று. ஒரு சொல் தன் உறுப்பு உணர்த்தும் பொருளை விட்டு வழக்கால் வேறு பொருளை ஏற்பது இயல்பே. அவ்வாறு விலகிய பின்னும் அச்சொல்லின் உறுப்பு பழைய சிந்தனை ஒன்றைக் காட்டி நிற்கிறது என்பதே இங்கு வேண்டப்படுவது.

ட்ரூக்: அருமை குறித்த சொல்

ஆங்கிலத்தில் கோட்டையைக் குறிக்கும் சொற்களுள் இந்திய மண்ணில் பிறந்தது ட்ரூக். யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் இதனை மலைக்கோட்டை என்னும் பொருளில் பதிவு செய்கிறது. வடமொழித் 'துர்க்கம்' இதன் மூலம். 'துர்' என்பது அரிது. 'கம்' என்பது செல்லுதல். செல்லுதற்கு அரியது துர்க்கம். ஃபோர்ட்ரெஸ் பொருளின் திண்மையைச் சுட்டுகிறது. துர்க்கமோ பகைவன் அடையும் இடர்ப்பாட்டைச் சுட்டுகிறது. முன்னது கல்லின் பண்பு. பின்னது வழியின் பண்பு.

இச்சொல் ஆங்கிலேயர் நாவில் பெருவழக்குப் பெற்றது மைசூர்ப் போர்களின்போது. 1790 முதல் 1792 வரை நிகழ்ந்த மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிசின் படைகள் நந்திதுர்க்கம், சாவனதுர்க்கம் முதலிய மலையரண்களை எதிர்கொண்டன. 1792இல் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கும்பினி ஆட்சியின்கீழ் வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் ஆண்ட இந்நிலப்பகுதியின் ஆங்கில ஆவணங்களில் ட்ரூக், ட்ரக், துர்க் எனப் பல எழுத்துக்கூட்டல்களில் இச்சொல் ஊர்ப்பெயர்களின் ஈறாக வந்தது. சங்ககிரி துர்க்கம் என்னும் இரயில் நிலையப் பெயரில் அது இன்றும் நிலவுகிறது. தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட இடமாகத் தமிழர் நினைவில் நிற்கும் மலையும் அதுவே. எழுத்துக்கூட்டல் ஒன்று மருந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒத்திருப்பதாலும், 1962இல் வெளிவந்த ஆந்தனி பர்ஜெஸின் புதினத்தில் தோழன் என்னும் பொருளில் வரும் ட்ரூக் உருசிய மொழியிலிருந்து வந்த வேறு சொல் ஆதலாலும், பழைய ஆவணங்களைப் படிக்கும் இளம் ஆய்வாளர் இங்கே இடறுவதற்கு இடமுண்டு.

துர்க்கம் ஆங்கிலம் புகுந்தபோது அதன் பொருள் சுருங்கியது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் நீர், மலை, பாலை, காடு என நால்வகைத் துர்க்கங்களைக் கூறும். நடுநீர்த் தீவும், நீரற்ற வெறுநிலமும், புதர் மண்டிய காடும் அங்குத் துர்க்கங்களே. ஆங்கிலப் படைவீரன் கண்டதோ மதில் சூழ்ந்த மலைமுடி. ஆதலின் ட்ரூக் அம்மலைமுடிக் கோட்டைக்கு மட்டும் பெயராயிற்று. இச்சுருங்கிய பொருளையே நாம் மீண்டும் தமிழுக்குக் கொண்டுவந்து 'கோட்டை' என்று எழுதும்போது, ஒருமுறை குறைந்தது இருமுறை குறைகிறது. முதலில் நீரும் காடும் போயின. பின்னர் மலையும் போய், மதில் மட்டும் எஞ்சியது.

இதில் வியப்பிற்குரிய செய்தி, ஆங்கிலத்திற்கே இயற்கைக் காவலைக் குறிக்கும் சொந்தச் சொல் ஒன்று இருந்தமை. ஃபாஸ்ட்னஸ் என்பது மலையாலோ சதுப்பாலோ காக்கப்பட்டு எளிதில் நெருங்க இயலாத இடம். சங்ககிரியையும் நந்தியையும் கண்டவர்கள் அச்சொல்லையே முற்றும் நம்பியிராமல் இந்நாட்டுச் சொல்லைக் கடன் பெற்றனர். மலையும் மதிலும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிய பொருளுக்குத் தம் மொழியில் நேர்ச்சொல் இல்லை என அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். கடன் பெற்றவர் காத்த வேறுபாட்டைக் கடன் கொடுத்த நாட்டினராகிய நாம் கைவிடுவது முறையாகாது.

அரண்: காப்புக் குறித்த சொல்

திருக்குறளின் 75ஆம் அதிகாரம் அரண். அவ்வதிகாரத்தின் இரண்டாம் குறள் (742) நீர், மண், மலை, காடு என்னும் நான்கையும் உடையதே அரண் என வரையறுக்கிறது. பரிமேலழகர் மண் என்பதை நீரும் நிழலும் அற்ற வெறுநிலமாகக் கொண்டு, நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என நான்காக வகுத்தார். அர்த்தசாத்திரத்தின் நால்வகையோடு இது ஒத்திருப்பதை அறிஞர் அறிவர். அடுத்த குறள் (743) உயர்வு, அகலம், திண்மை, அருமை என நான்கு பண்புகளைக் கூறுகிறது. இப்பண்புகளுள் திண்மை ஃபோர்ட்ரெஸ் என்னும் சொல்லின் வேர்ப்பொருள். அருமை துர்க்கத்தின் வேர்ப்பொருள். இரு மொழிகள் தனித்தனியே கொண்ட கருத்துகளை வள்ளுவர் அரணின் இரு பண்புகளாக ஒரே குறளில் வைத்துள்ளார்.

பரிமேலழகர் இக்குறளை மதிலரணுக்கே உரியதாகக் கொண்டு, அருமையைப் பொறிகளால் நெருங்குதற்கு இயலாமை என விளக்குவார். அவ்வுரையை முழுதும் ஏற்றாலும் நம் கருத்துக்கு இழுக்கில்லை. இயற்கையரணை முதலில் கூறி, மதிலரணை அதன்பின் கூறிய முறைவைப்பு, அரண் என்பது இரண்டையும் தழுவிய பொதுப்பெயர் என்பதையே உறுதி செய்கிறது. மேலும், அறிவுடைமை அதிகாரத்தில் (421) அறிவையே பகைவரால் அழிக்கவியலாத அரண் எனக் கூறுகிறார் வள்ளுவர். கல்லும் மண்ணும் இல்லாத ஒன்றை அரண் எனக் கூறியது, அச்சொல்லின் மையம் கட்டுமானத்தில் இல்லை, காத்தலில் உள்ளது என்பதற்குச் சான்று.

ஏற்காடு என்னும் பெயரை ஏரி, காடு எனப் பிரித்துப் பொருள் கொள்வது பெருவழக்கு. அப்பெயரில் நீரும் காடும் உள்ளன. ஊரோ மலைமேல் உள்ளது. வள்ளுவர் கூறிய நான்கனுள் மூன்று ஓர் ஊரின் பெயரிலும் இருப்பிலும் அமைந்திருக்க, கோட்டைகளைத் தேடுவோர் பட்டியலில் அவ்வூர் இடம் பெறாமை சொற்பழக்கத்தின் விளைவாகவே தோன்றுகிறது.

வினைகள் தரும் சான்று

சொற்களின் வேர்களை ஒதுக்கிவிட்டு வாழும் வழக்கை நோக்கினாலும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். கோட்டையைக் கட்டுவர், பிடிப்பர், இடிப்பர், தகர்ப்பர். மனத்தில் எழும் வெற்றெண்ணமும் மனக்கோட்டை 'கட்டுதல்' ஆகவே சொல்லப்படுகிறது. ஒரு கட்சி ஒரு தொகுதியைத் தன் கோட்டையாக வைத்திருப்பதாக நாளிதழ்கள் எழுதும். மற்றொரு கட்சி அதனைத் தகர்த்ததாகவும் எழுதும். சென்னையில் கோட்டை என்றாலே ஆட்சி பீடம். இவை அனைத்திலும் கோட்டை என்பது ஒருவர் கட்டி, மற்றொருவர் கைப்பற்றக்கூடிய உடைமை.

அரண் ஏற்கும் வினைகளோ வேறு. அரணாக நிற்றல், அரணாக அமைதல், அரணாக விளங்குதல் என்பனவே பெரும்பான்மை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகள் இயற்கை அரணாக நின்றன எனத் தமிழில் எழுதப்பட்டது. அவ்விடத்தில் கோட்டை என்று எழுத எவர்க்கும் தோன்றவில்லை. ஈழத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய டச்சுக்காரர் கட்டுமானம் கோட்டை. கொழும்பின் நடுப்பகுதியும் கோட்டை. ஆனால் போர்க்காலத்தில் படையினர் நின்ற சிறு காவலிடங்கள் காவலரண் என்றே வழங்கின. அவை கோட்டைகள் அல்ல, ஆயினும் அரண்கள். எவரும் விதித்துக் கொடுக்காமலேயே தமிழ் பேசுவோர் இவ்விரு சொற்களையும் பிரித்து ஆள்கின்றனர். வேறுபாட்டை மறந்தது ஆய்வெழுத்தே.

கோட்டைக்கு மற்றொரு பொருளும் உண்டு. தென்பாண்டி நாட்டில் 21 மரக்கால் கொண்ட நெல்லளவு ஒரு கோட்டை. வைக்கோற்புரியால் இறுகக் கட்டிய விதைப் பொதியும் கோட்டையே. உள்ளே இருப்பதைச் சுற்றி வளைத்து மூடுதல் என்னும் கருத்து நெல்லுக்கும் நகருக்கும் பொதுவாக நிற்கிறது. ஏற்காட்டின் மிகப் பழைய ஐரோப்பியர் மாளிகையாகக் கருதப்படும் கிரேஞ்ச், தானியத்தைக் குறிக்கும் கிரானம் என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்து, தானியக் களஞ்சியம் எனப் பொருள்படும் பெயர் பெற்றது. 1857ஆம் ஆண்டின் எழுச்சியின்போது அம்மாளிகை பீரங்கி ஏற்றி அரண்படுத்தப்பட்டது என்று ஊரார் கூறுவர். அக்கூற்று எவ்வாறாயினும், சமவெளியில் அச்சம் எழுந்தபோது மலைமேல் ஏறுதல் காப்பு என எண்ணப்பட்டதை அது காட்டுகிறது. அவ்வெண்ணத்தில் மாளிகைச் சுவரைவிட மலையின் அருமையே பெரிது.

மலையில் நாம் இழப்பது

சொற்குழப்பத்தால் விளையும் இழப்பு மூவகைப்படும்.

முதலாவது, வரலாற்றின் தொடக்கம் பற்றியது. ஏற்காட்டின் வரலாறு பெரும்பாலும் 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்னிலிருந்தும் அவர் கொண்டுவந்த காப்பிப் பயிரிலிருந்தும் தொடங்கப்படுகிறது. கோட்டையும் கல்வெட்டும் இல்லாத மலைக்கு வரலாறு இல்லை என்னும் எண்ணம் இதன் பின்னே உள்ளது. ஆனால் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியாகிய இராபர்ட் புரூஸ் ஃபூட் தம் ஓய்வுக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்து, சேர்வராயன் மலையில் புதிய கற்காலக் கருவிகளைத் திரட்டினார். 1904இல் சென்னை அருங்காட்சியகம் பெற்ற அவர் தொகுப்பில் இம்மலைக் கருவிகளும் உண்டு. காப்பிக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே மனிதர் இம்மலையில் நடமாடினர் என்பதற்கு அக்கருவிகளே போதும்.

இரண்டாவது, மக்களைப் பற்றியது. இம்மலையில் வாழும் மலையாளிகள் மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் அப்பெயர் பெற்றவர்கள். அவர்தம் மொழி தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு மலைகளை அடைந்த உடன்பிறந்தார் என்னும் மரபுக்கதை அவர்களிடையே வழங்குகிறது. இக்கதையின் வரலாற்று உண்மையை இங்கு ஆராயத் தேவையில்லை. ஒரு மக்கட்குழு தன் தோற்றத்தைச் சமவெளி நீங்கி மலையேறிய செயலாக நினைவில் வைத்துள்ளது என்பதே கருதத்தக்கது. சேர்வராயன், காவேரியம்மன் உறையும் மலைமுடிக் குகைக்கோயிலும், நாடு எனப் பகுத்துக்கொண்ட ஊர்த்தொகுதிகளும் அவ்வாழ்வின் அடையாளங்கள். இவர்களுக்கு இம்மலை எவ்வகையில் அரணாயிற்று என்னும் வினாவைக் கோட்டை என்னும் சொல்லைக் கொண்டு எழுப்பவே இயலாது.

மூன்றாவது, கோட்டைகளையே பற்றியது. சங்ககிரி, நாமக்கல் போன்ற இடங்களைக் கோட்டை என்று மட்டும் கொள்ளும்போது, கள ஆய்வு மதிலின் நீளம், வாயில்களின் எண்ணிக்கை, கொத்தளங்களின் அமைப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. மலைச்சரிவு, சுனைகள், ஏறுவழிகள், அடிவாரக் காடு ஆகியவை பின்னணிக் காட்சிகளாகச் சுருங்குகின்றன. அரண் என்று கொண்டால் இவையே முதலில் ஆராயப்பட வேண்டியவை. மதில் இவற்றை நிறைவு செய்ய எழுந்தது.

எழக்கூடிய மறுப்புகள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

தொல்காப்பியர் முற்றுகைக்குரிய உழிஞைத் திணையை மருதத்தின் புறமாக வைத்தாராதலின், அரண் என்பது மருதநில நகர்மதிலையே குறிக்கும் என்பது முதல் மறுப்பு. முற்றுகை இலக்கணம் நகரை மையமாகக் கொண்டது என்பது உண்மையே. இவ்வட்டாரத்திலேயே அதற்குச் சான்று உண்டு. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துத் தலைவன் பெருஞ்சேரல் இரும்பொறை 'தகடூர் எறிந்த' என்னும் அடையால் சிறப்பிக்கப்படுகிறான். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. ஆயினும் புறநானூற்றின் 109ஆம் பாட்டில் கபிலர் காட்டும் பறம்பு முற்றுகையை இங்கு ஒப்பு நோக்க வேண்டும். மூவேந்தர் முற்றிய அம்மலையின் காவலாக அவர் எடுத்துக் கூறுவது மதிலை அன்று. உழவர் உழாமலே விளையும் மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கையும், வற்றாத சுனைகளையுமே. திணை இலக்கணம் ஒரு பொருளுக்கு முதன்மை இடம் தருகிறது. பிற இடங்களில் அப்பொருள் நிகழாது என விலக்கவில்லை.

நாடு அதிகாரத்தின் 737ஆம் குறள் மலையையும் வல்லரணையும் நாட்டின் தனித்தனி உறுப்புகளாக எண்ணுகிறது; ஆதலின் மலை வேறு, அரண் வேறு என்பது இரண்டாம் மறுப்பு. இது கூர்மையான மறுப்பே. அக்குறளில் மலை நீர்வளத்தோடு சேர்த்து எண்ணப்படுகிறது. அங்கு அது வளம் தரும் உறுப்பு. அரணுக்கோ 'வல்' என்னும் அடை கொடுக்கப்பட்டுள்ளது. வலிமை அரண் என்னும் சொல்லிலேயே அடங்கியிருந்தால் அவ்வடை வேண்டியதில்லை. ஒரே மலை வளத்தின் நோக்கில் நாட்டுறுப்பாகவும் காவலின் நோக்கில் அரணாகவும் அமையலாம் என்பதே இரு குறள்களையும் ஒருங்கு வைத்துப் பார்க்கையில் பெறப்படுவது.

மூன்றாம் மறுப்பு நடைமுறை சார்ந்தது. எல்லா மலையையும் அரண் என்று கூறத் தொடங்கினால் அச்சொல் பொருளற்றுப் போகும் என்பர். இவ்வச்சம் நியாயமானது. காக்கப்படுவோர் யார், யாரிடமிருந்து, எவ்வகையில் என்னும் மூன்று வினாக்களுக்கும் சான்றோடு விடை கூற முடிந்த இடத்திலேயே ஆய்வாளர் அரண் என்னும் சொல்லை ஆள வேண்டும். ஃபூட் திரட்டிய கற்கருவிகள் குடியிருப்பைக் காட்டுமே அன்றிக் காவலைக் காட்டா. மலையாளிகளின் மரபுக்கதை புகலிடம் என்னும் கருத்தை எழுப்புமே அன்றி அதனை நிறுவாது. ஆதலின் சேர்வராயன் மலை ஓர் அரண் என இக்கட்டுரை முடிவு கூறவில்லை. அவ்வினா எழுப்பப்படத்தக்கது என்றும், அதனை எழுப்பும் சொல் தமிழில் உள்ளது என்றும் மட்டுமே கூறுகிறது.

நிறைவுரை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் சில நடைமுறைகளை ஆய்வாளர்முன் வைக்கலாம். மதில் சூழ்ந்த கட்டுமானத்தையே குறிக்கும் இடத்தில் ஃபோர்ட், ஃபோர்ட்ரெஸ் ஆகியவற்றிற்குக் கோட்டை என்னும் பெயர்ப்பு பொருத்தமானது. அதனை மாற்ற வேண்டியதில்லை. ட்ரூக் என்பது ஊர்ப்பெயரின் ஈறாக வரும்போது துர்க்கம் என்றே காக்கப்பட வேண்டும். பொதுப்பெயராக வரும்போது மலையரண் எனலாம். ஃபாஸ்ட்னஸ் என்பதற்கு இயற்கையரண் பொருந்தும். சிட்டாடல் என்பது பெருங்கோட்டையின் உள்ளமைந்த இறுதிக் காவலிடமாதலின் உள்ளரண் எனலாம். பாஸ்டியன் என்பதற்குக் கொத்தளம் முன்பே நிலைபெற்றுள்ளது. இவை அனைத்திற்கும் மேலான வகைப்பெயராக அரண் நிற்க வேண்டும். கலைச்சொல் தொகுதிகளிலும் ஆய்வேடுகளிலும் இவ்வேறுபாடு பேணப்பட்டால், பழைய ஆங்கில ஆவணங்களைத் தமிழில் பெயர்க்கும்போது மூலத்தின் பொருள்நுட்பம் குன்றாது.

இதைவிட முதன்மையானது களப்பணி. சேர்வராயன் மலையின் பழைய ஏறுவழிகளுக்கும் சுனைகளுக்கும் சரிவுகளுக்கும் சோலைகளுக்கும் மலையாளி மக்கள் வழங்கும் பெயர்கள் முறையாகத் தொகுக்கப்பட வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளுடைய இன்றைய சாலைக்கு முன்னர் எவ்வழிகளில் மக்கள் ஏறினர், எவற்றை மறைத்து வைத்தனர், எவற்றைப் பிறர்க்குத் திறந்து விட்டனர் என்பன அப்பெயர்களில் பொதிந்திருக்கக்கூடும். அவற்றை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். ஒரு கோட்டையின் மதில் சரிந்தால் அதன் அடித்தளமேனும் மண்ணுள் இருக்கும். ஓர் ஏறுவழியின் பெயர் மறந்துபோனால் அகழ்ந்தெடுக்க எதுவும் இராது.

எத்துணைச் சிறப்புடையதாயினும் செயல்திறம் உடையோர் இல்லாதவிடத்து அரண் பயனற்றது என்னும் கருத்தோடு வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடிக்கிறார் (750). அரணைப் பற்றிய அதிகாரம் மக்களைப் பற்றிய கருத்தில் முடிகிறது. கோட்டைகளின் வரலாற்றை எழுதும் நாமும் மதிலில் தொடங்கி மதிலிலேயே முடித்துவிடாமல், அம்மலைகளில் வாழ்ந்தோர்வரை செல்லவேண்டும். அதற்கு முதற்படியாக, ஆவணத்தில் ட்ரூக் என்றும் ஃபோர்ட்ரெஸ் என்றும் காணும் இடந்தோறும் கோட்டை என எழுதுமுன், இங்குப் பேசப்படுவது திண்மையா, அருமையா, காப்பா என ஒருமுறை எண்ணிப் பார்ப்பது போதும்.